பஞ்சுப் பயறு போதாது
பஞ்சில் பச்சைப்பயறு முளைக்க வைத்தாலே பிள்ளைகளுக்கு மண்ணோடு ஒட்டுறவு வந்துவிடும் என்கிறது கட்டுரை. பருப்பில் இருக்கும் சத்து தீர்ந்ததும் அந்தச் செடி சாய்ந்துவிடும், கையில் மண்ணும் படாது. டெல்டாவில் இருந்துகொண்டு பஞ்சு எதற்கு? விதைநெல்லை வைத்தே செய்யலாம். தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, பிள்ளையையே உப்பு போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். மூழ்கிய முட்டை மெல்ல எழும்பி, தண்ணீருக்கு வெளியே பழைய 25 பைசா நாணயம் அளவுக்குத் தெரியும்போது உப்பை நிறுத்தலாம். (பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும், கணக்கு தப்பும்.) முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். அடியில் தங்கியதை 3 தண்ணீர் அலசி, 24 மணி நேரம் ஊறவைத்து, ஈரச்சாக்கில் இன்னொரு நாள் கட்டி வைக்கவும். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் விதைத்துவிட வேண்டும், விட்டால் வேர் பின்னிக்கொண்டு பிரிக்கும்போது ஒடியும். கண் இல்லாத பாதிக் கொட்டாங்கச்சியில் வண்டலும் மக்கிய சாணமும் குழைத்து, விதையை மேலே வைத்தால் போதும். பிள்ளைகள் விரலால் அமுக்கிப் புதைப்பார்கள், அங்கேதான் அழுகும். சேற்றைத் தொடக் கூசும் பிள்ளையை வற்புறுத்தாமல் முதலில் குச்சியால் குழைக்க விடுங்கள். தினமும் தண்ணீர் நிறைத்து வைக்கலாமா என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. முதல் 3 நாள் சேறு ஈரமாக இருந்தால் போதும், பயிர் எழும்பிய பிறகு விரற்கடைக்கும் குறைவாக நிறுத்தலாம். மளிகைக்கடை அரிசி முளைக்காது, அன்றைக்கு அறுத்த நெல்லும் விதை உறக்கம் (அறுத்த புதிதில் முளைக்காமல் இருப்பது) தெளியாமல் ஏமாற்றலாம்.