‘அலறல்’ ஓவியத்தில் அலறுவது அந்த உருவம் அல்ல

‘அலறல்’ ஓவியம் முதல் உலகப்போரின் பீதியில் கத்தும் மனிதனைக் காட்டுகிறது, ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்டுகள் (மன உணர்ச்சியைக் காட்ட உருவத்தையும் நிறத்தையும் திரித்து வரைந்த ஓவியர்கள்) வரைந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லைங்க, இரண்டுமே தவறு. நார்வேக்காரரான எட்வர்ட் மூங்க் அதை வரைந்தது 1893இல், போர் தொடங்கியதோ 1914இல். எக்ஸ்பிரஷனிஸம் என்று நாம் சொல்லும் இயக்கமும் அப்போது இல்லை, ஜெர்மனியின் டிரெஸ்டனில் ‘டி ப்ருக்கே’ என்ற எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர் குழு உருவானதே 1905இல்தான், அவர்கள் மூங்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்.

அப்புறம், கத்துவதாகச் சொன்ன அந்த உருவம். கைகளைக் கவனியுங்கள், காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது. நண்பர்கள் இருவரோடு நடந்துபோகும்போது சூரியன் மறைந்து வானம் ரத்தச் சிவப்பானதையும், இயற்கை முழுவதும் முடிவில்லாத ஓர் அலறல் ஊடுருவிப் போவதை உணர்ந்து தான் நடுங்கி நின்றதையும் மூங்க்கே குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார், அந்த அலறலிலிருந்து தப்பத்தான் உருவம் காதைப் பொத்துகிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். பின்னால் நிற்கும் இருவரும் அந்த நண்பர்கள்தான், அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை, எனக்கு இந்தப் படத்தில் மனதைப் பிசைவது அதுதான்.

இன்னொன்று, 1893இல் வரைந்த வண்ண ஓவியத்தில் பைத்தியக்காரன்தான் இதை வரைந்திருக்க முடியும் என்ற பொருளில் பென்சிலில் ஒரு வரி இருக்கிறது. யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்று பலர் நினைத்தார்கள். அது மூங்கின் கையெழுத்தேதான் என்று ஓஸ்லோ தேசிய அருங்காட்சியகம் 2021இல் அறிவித்துவிட்டது.