காதை நம்பச் சொல்கிறவர்கள் காதில் வைக்க விடுவதில்லை

லட்சக்கணக்கில் விலை சொல்லுகிற ஒரு சாமானை, கேட்டும் பார்க்காமல் அளவும் பார்க்காமல் வாங்கு என்று சொல்லக் கொழும்பு இயர்போன் கடைக்காரர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ! காதுத் துவாரத்துக்குள் இறுக்கமாகப் போய் உட்காருகிற, விலை கூடின ஐஇஎம் என்கிற வகை இயர்போன் ஒன்று வாங்க வேண்டும் என்று மாதக்கணக்காக அலைகிறேன். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, புறக்கோட்டை என்று ஏறி இறங்காத கடை இல்லை. போன இடமெல்லாம் ஒரே பல்லவி: "இயர்போனை மெஷினில் அளந்து போடுற வரைபு எல்லாம் பார்க்காதீங்க தங்கச்சி. மெஷினுக்கு இசை தெரியுமா? காதை நம்புங்க."

சரி, நம்புகிறேன். எடுங்கள், காதில் வைத்துப் பார்க்கிறேன் என்றால், "ஐயோ, சீல் உடைச்சா வேற ஆள் வாங்க மாட்டாங்க."

இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காதுதான் நீதிபதி என்று சொல்லிவிட்டு அந்த நீதிபதியைக் கடைக்குள்ளேயே விடாமல் வைத்திருந்தால் அது என்ன நியாயம்? வெள்ளவத்தையில் சேலை எடுக்கப் போனால் இருபது சேலையை விரித்துப் போடுவார்கள். நிறம் சரியா என்று வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவும் விடுவார்கள். அதை விடப் பல மடங்கு காசு கேட்கிற சாமானுக்கு அட்டைப் பெட்டியின் படம் மட்டும்தானா?

ஒரேயொரு கடையில் டெமோ இருந்தது. காலி வீதியைப் பார்த்த கண்ணாடிக் கதவு. ஆள் வந்து போகும்போதெல்லாம் 100ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் முழுவதும் உள்ளே வரும். டெமோவில் மாட்டியிருந்தது நடு அளவு சிலிக்கோன் டிப், காதுக்குள் போகிற மெத்தென்ற முனை. என் காதுத் துவாரம் சிறியது, அது உள்ளே போகாமல் விளிம்பிலேயே நின்றது. "சின்ன அளவு இல்லையா அண்ணா?" என்று கேட்டேன். "இது எல்லாருக்கும் சரியா வரும்" என்றார். வராது! டிப் அடைக்காவிட்டால் காற்று கசியும், கசிந்தால் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி போய்விடும். அப்படிக் கேட்டுவிட்டு எதை முடிவு செய்வது?

பாட்டும் அவருடைய தெரிவுதான், தொம் தொம் என்று இடிக்கிற நடனப் பாட்டு. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பழைய தவில் பதிவொன்றை என் போனிலிருந்து போடச் சொன்னேன். தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விரல் விழுகிற கூர்மையும் இடது பக்கமான தொப்பியின் கனமும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பார்க்க எனக்கு அதை விட நல்ல சோதனை இல்லை. அரை மனதோடு போட்டார். முதலில் விலை குறைந்தது, பிறகு விலை கூடியது. சத்தத்தின் அளவை அவர் தொடவே இல்லை. இரண்டாவது சட்டென்று பளிச்சென்று கேட்டது. "பார்த்தீங்களா, காசுக்கேற்ற வித்தியாசம்!"

வித்தியாசம் காசில் இல்லை, உணர்திறனில். ஒரே போனில், ஒரே அளவில் வைத்தால் உணர்திறன் கூடிய இயர்போன் சத்தமாக ஒலிக்கும். ஒரு டெசிபெல் கூடினாலே, சத்தம் கூடியது என்று நமக்குத் தோன்றாது, தெளிவு கூடியது என்றுதான் தோன்றும். சத்தம் குறையக் குறையக் காதுக்கு பேஸ் முதலில் மங்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து எழுதிவிட்டார்கள். இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தாமல் கேட்கக் கொடுப்பதை ஒப்பீடு என்று சொல்லக் கூடாது. அதை வைத்து ஒன்றரை லட்சம் கேட்கக் கூடாது.

இதனால்தான் வரைபைத் தேடுகிறேன். இயந்திரத்தின் மேல் பக்தி எதுவும் இல்லை. எந்த மீடிறனில் எவ்வளவு சத்தம் என்று காட்டுகிற அந்தக் கோடு, கடைக்காரர் சொல்லாத பல விஷயங்களைச் சொல்லும். 3 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில் மேடு அளவுக்கு மிஞ்சினால் நாதஸ்வரம் காதைக் குத்தும் என்று அதைப் பார்த்தே ஊகிக்கலாம். அதற்கு மேலே கூர்மையான முனை இருந்தால் பாடகரின் 'ஸ' ஒவ்வொன்றும் கீறும். பேஸ் எவ்வளவு தூக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும்.

ஆனால் கோடே வேதம் என்று நிற்கிறவர்களும் என்னிடம் வர வேண்டாம். இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று வைத்திருக்கிற இலக்கு வரைபிலிருந்து இரண்டு டெசிபெல் விலகியதும் குப்பை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். வரைபை அளக்கப் பயன்படுகிற ஐஇசி 60318-4 தரத்துச் செயற்கைக் காதை 10 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும்தான் நம்பலாம். 8 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில் தெரிகிற முனை பெரும்பாலும் அந்தச் செயற்கைக் காதுக் குழாய்க்குள் காற்று அதிர்கிற பரிவு. இயர்போனைக் கொஞ்சம் ஆழமாகச் செருகினாலே அது இடம் மாறும். என் காதில் அது எங்கே விழும் என்பது என் காதில் வைத்தால்தான் தெரியும். பலன்ஸ்ட் ஆர்மச்சர் என்கிற குட்டி ஒலிபெருக்கிகள் பலவற்றை அடுக்கிய மாடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: இயர்போனைச் செருகுகிற போன் போன்ற கருவியின் வெளியீட்டுத் தடங்கல் (output impedance) கூடினால் கோடே மாறிவிடும்.

இவர்கள் இலக்காக வைத்துக் கும்பிடுகிற ஹார்மன் வரைபு எப்படி வந்தது? ஹார்மன் நிறுவனத்து ஆய்வாளர் ஷோன் ஒலிவும் அவருடைய குழுவும் ஆட்களை உட்கார வைத்து, எந்த மாடல் என்று காட்டாமல் கேட்க வைத்து, எது பிடித்தது என்று விசாரித்துத்தான் அதற்கு வந்து சேர்ந்தார்கள். 2017இல் ஒன்று, பிறகு 2019இல் திருத்தி இன்னொன்று. காதுகளைக் கேட்டு வரைந்த கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, காது தேவையில்லை என்கிறார்கள். அந்தப் பக்கம் கடைக்காரர் வரைபு தேவையில்லை என்கிறார். இடையில் காசு கட்டப் போவது நான்.

அப்புறம் இந்த 'பேர்ன்-இன்' கதை. வாங்கின பிறகு பிடிக்கவில்லை என்றால், "200 மணித்தியாலம் ஓட விடுங்க, சத்தம் திறந்துவிடும்" என்கிறார்கள். அதே கடையின் பற்றுச்சீட்டில் செக்கிங் வாரண்டி ஒரு கிழமை. இராப்பகலாக நிறுத்தாமல் ஓட விட்டாலும் ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம்தான்! 'திறக்கும்' வரை காத்திருந்தால் திருப்பிக் கொடுக்கிற நாள் போய்விடும். 200 மணித்தியாலத்தில் மாறுவது இயர்போனா, அதற்குப் பழகிப்போன காதா என்ற கேள்விக்குப் போகவே தேவையில்லை. இது காதில் பூச்சுற்றுகிற வேலை.

வெளிநாட்டிலிருந்து எடு என்று அறிவுரை சொல்லுகிறவர்களே, சுங்கத்தில் கட்டுவதைக் கட்டி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வற் வரியையும் கட்டி எடுத்த ஒன்றை, காதுக்குப் பொருந்தவில்லை என்று யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

பெரிய செலவு ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு விலை மட்டத்திலும் ஒரு டெமோ, மூன்று அளவிலும் டிப், துடைக்க ஸ்பிரிட், கதவிலிருந்து தள்ளி ஒரு கதிரை. டோக்கியோவின் அகிஹபாராவில் இயர்போன் கடைகளில் வரிசையாக வைத்திருக்கிறார்கள், உங்கள் போனில் உங்கள் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு வாங்கலாம். மடிக்கணினியில் செருகி அளக்கிற மலிவான செயற்கைக் காது, நீங்கள் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிற ஒரு ஐஇஎம்மை விட விலை குறைவு. பெட்டியைத் திறந்து கேட்க விடுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் அளந்த வரைபையாவது காட்டுங்கள். இரண்டும் இல்லாமல் என்னிடம் ஒன்றரை லட்சம் கேட்காதீர்கள்.