அந்த 'ஏ' யாருடையது, அக்கா?

செவ்வாய்க்கிழமை வாட்ஸப் குரூப்பில் அக்கா போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்காதவர்கள் இந்நேரம் யாரும் இருக்கமாட்டீர்கள். எனக்கே மூன்று பேர் தனியாக அனுப்பினார்கள், நானும் அதே குரூப்பில்தான் இருக்கிறேன் என்பதை மறந்து.

பள்ளிகளுக்கு மாநில அரசு போடுகிற கிரேடு இந்த வருஷத்துக்கு வெளிவந்திருக்கிறது. பெரிய பள்ளிக்கு ஏ. என் மகள் போகிற சின்னப் பள்ளிக்கு சி. இரண்டையும் அக்கம்பக்கமாக ஒட்டி, கீழே "சில பேர் கிடைச்ச சீட்டையே வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்க" என்று ஒரு வரி. அதன் பின்னால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை நான்கு. பெயர் போடவில்லை. போடவும் வேண்டியதில்லை. இரண்டு சார்ட்டர் பள்ளியிலும் குலுக்கலில் பெயர் விழுந்து, ஏ பள்ளியை விட்டுவிட்டு வந்த பைத்தியம் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான்.

கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன். பொறுத்ததில் கோபம் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த ஏ யாருடையது?

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இங்கே இருக்கிறவர்கள் தாண்டிப் போகலாம். சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளி. ஃபீஸ் கிடையாது. ஆனால் மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் கீழ் வராது, தனியாக ஒரு குழு நடத்தும். அமெரிக்காவில் 1991-ல் மினசோட்டா மாநிலத்தில் முதல் சட்டம் வந்தது, எங்கள் வட கரோலினாவுக்கு 1996-ல். 2011 வரை மாநிலம் முழுக்க நூறு பள்ளிதான் இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள், எடுத்த பிறகு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இருக்கிற இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல். நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது, அப்பா அம்மா என்ன படித்தார்கள் என்று கேட்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அந்தக் குலுக்கலைப் பிடிக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது கிரேடுக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரை பிள்ளைகள் வருஷக் கடைசியில் எழுதுகிற பரீட்சைதான் அதற்கு அடிப்படை. அதில் எடுத்த மார்க்குக்கு 80 சதவீதம். போன வருஷத்தை வைத்துப் பார்த்தால் பிள்ளை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கு வெறும் 20. அதாவது, ஏற்கெனவே வீட்டில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரிந்து, சாயங்காலம் குமான் டியூஷன், சனிக்கிழமை மேத்ஸ் ஒலிம்பியாட் கிளாஸ் என்று ஓடுகிற பிள்ளைகள் ஒரு கட்டடத்துக்குள் நிறையப் போனால் அந்தக் கட்டடத்துக்கு ஏ கிடைத்துவிடும். கட்டடம் என்ன செய்தது என்பது அந்த 20-க்குள்தான் இருக்கிறது.

அதை யாராவது திறந்து பார்த்தீர்களா? அதே அறிக்கையில், ஸ்கிரீன்ஷாட்டில் வெட்டி எறியப்பட்ட அடுத்த கட்டத்தில் இருக்கிறது. சின்னப் பள்ளியின் வளர்ச்சி எதிர்பார்த்ததை மிஞ்சியது. பெரிய பள்ளியுடையது எதிர்பார்த்த அளவு. சின்னப் பள்ளிக்கு 68. எழுபதுக்குப் பி. இரண்டு மார்க். இரண்டு மார்க்குக்குத்தான் அந்த நான்கு பொம்மை.

இதில் என் மகள் எங்கே வருகிறாள்? எங்கேயும் இல்லை. அவள் கிண்டர்கார்டன். அந்த ஏ-யில் கிண்டர்கார்டன் பிள்ளை எழுதிய ஒரு பரீட்சை கூடக் கிடையாது. அஞ்சு வயசுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்க, பதிமூன்று வயசுப் பிள்ளைகளின் மார்க்கை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். அந்த ஏ யாரோ வீட்டுப் பிள்ளைகளின் ஏ. அவர்கள் அம்மா அப்பாவின் ஏ. குமான் டீச்சருடைய ஏ.

நான் என்ன பார்த்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பெரிய பள்ளியின் ஓப்பன் ஹவுஸுக்குப் போனோம். பளபளவென்ற தரை. கிண்டர்கார்டன் பிள்ளைகள் வரிசையாக நடந்து போனார்கள், ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு விரல் உதட்டின் மேல். ஒரு சத்தம் இல்லை. கூட வந்தவர்கள் எல்லாம் "வாவ்" என்றார்கள். எனக்கு என்னவோ அடிவயிற்றில் ஒரு பிசைவு. சுற்றிக் காட்டிய வாலன்டியர் அம்மாவிடம், "போன வருஷம் எத்தனை டீச்சர் வேலையை விட்டுப் போனார்கள்?" என்று கேட்டேன். "எங்கள் டெஸ்ட் ஸ்கோர் பார்த்தீர்களா?" என்றார். வெளியில் விளையாட எத்தனை தடவை விடுவீர்கள் என்று கேட்டேன். மதியம் ஒரு தடவை, இருபது நிமிஷம். வீட்டுப்பாடம்? தினமும் உண்டு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

சின்னப் பள்ளி முன்பு கடையாக இருந்த கட்டடம். சார்ட்டர் பள்ளிக்குக் கட்டடம் கட்ட மாநிலம் தனியாகப் பணம் தருவதில்லை, அதனால் இப்படித்தான் எங்காவது பிடிப்பார்கள். தரையில் அலமாரி பிடுங்கிய திருகு ஓட்டைகள் வரிசையாக இன்னும் இருக்கின்றன. ஒரு பொடியன் அந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டே போனான், பதினொன்றுக்குப் பிறகு மறுபடி ஏழு. டீச்சர் திருத்தவில்லை, அவன் கூடவே குனிந்து எண்ணினார். அதே கேள்வியைப் பிரின்சிபாலிடம் கேட்டேன். "மூன்று பேர். ஒருவர் பிரசவத்துக்கு, ஒருவர் ஊர் மாறி, ஒருவர் எங்களோடு ஒத்துவராமல்" என்றார். அந்த மூன்றாவதைச் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்று. என் மகள் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பிறந்தவள். ஆகஸ்ட் 31-க்குள் ஐந்து முடிந்தால் சேர்க்கலாம் என்பது விதி. ஒரு வாரம் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த வருஷம்தான். வகுப்பிலேயே சின்னவள். பிள்ளையை வேண்டுமென்றே ஒரு வருஷம் நிறுத்திவைத்து ஆறு வயசில் சேர்க்கிறவர்களும் உண்டு. பெரிய பள்ளியில் சேர்த்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் இவள் உட்காரணும், தினமும் ஒரு தாள் வீட்டுப்பாடம் எழுதணும். சாப்பாட்டு டப்பாவின் மூடியையே இன்னும் பல்லால் கடித்துத் திறக்கிறவள் அவள்.

சரி, வந்த விமர்சனங்களுக்கு வருகிறேன்.

"இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சீட்டை வீணாக்கிட்டாங்க." ஐயா, சீட்டு என்ன குப்பைத்தொட்டிக்கா போனது? நான் வேண்டாம் என்றால் வெயிட்லிஸ்ட்டில் எல்லோரும் ஒரு படி மேலே போவார்கள். அக்கா, உங்கள் பையன் நம்பர் 31. மார்ச்சில் தினமும் என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதீர்கள், எனக்கு மனப்பாடம். ஜூனில் அவனுக்குக் கிடைத்தது. நகர்ந்த அந்த முப்பத்தொன்றில் ஒன்று என் மகள் விட்ட இடம். நன்றி எதிர்பார்க்கவில்லை. நான்கு பொம்மையையும் எதிர்பார்க்கவில்லை.

"பெரியவளைச் சேர்த்துட்டா சின்னவனுக்கு சிப்ளிங் ப்ரியாரிட்டி கிடைச்சிருக்குமே." கிடைக்கும். மூத்த பிள்ளை படிக்கிற பள்ளியில் தம்பி தங்கைக்கு முன்னுரிமை தருகிற அந்தச் சலுகை சின்னப் பள்ளியிலும் உண்டு. அவனுக்கு இப்போது இரண்டு வயசு. டயப்பரை விடட்டும் முதலில்.

"சார்ட்டர் பள்ளிகள்தான் சிறந்தவைன்னு ஸ்டான்ஃபோர்டே சொல்லியிருக்கு, அதிலும் நல்லதாப் பாத்துச் சேர்க்க வேண்டாமா?" என்று ஒரு சார் லிங்க் அனுப்பினார். படித்தேன் சார். அதே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆட்கள் 2009-ல் பார்த்தபோது, கணக்கில் 17 சதவீத சார்ட்டர்கள்தான் பக்கத்து அரசுப் பள்ளியை முந்தின, 37 சதவீதம் அதைவிட மோசம். 2023-ல் வந்ததில் வாசிப்பில் வருஷத்துக்கு 16 நாள் கூடுதல் படிப்புக்குச் சமமான முன்னேற்றம், கணக்கில் 6 நாள். ஆறு நாள்! ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஜெட்லாக் தீர்வதற்குள் போகிற நாள். அதுவும் சராசரி, பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அதனால்தான் நேரில் போய்ப் பார்க்கணும் என்கிறேன். உங்கள் லிங்க் என் கட்சிதான் சார்.

"அப்படின்னா பேஸ் ஸ்கூலுக்கே அனுப்பியிருக்கலாமே, எதுக்கு சார்ட்டர்?" இதைக் கேட்டது ஒரே ஒருவர், அதுவும் மரியாதையாக. உண்மையைச் சொல்கிறேன், இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. பேஸ் ஸ்கூல், அதாவது எங்கள் முகவரிக்கு ஒதுக்கின அரசுப் பள்ளி, வீட்டிலிருந்து இரண்டு மைலில் இருக்கிறது. மஞ்சள் பஸ் வாசலுக்கு வரும். மதியச் சாப்பாடு உண்டு. சார்ட்டர் பள்ளிகள் எல்லோருக்கும் பஸ் விட்டே ஆகவேண்டும் என்றோ, சாப்பாடு போட்டே ஆகவேண்டும் என்றோ இங்கே கட்டாயம் இல்லை. பகலில் காரை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க முடிகிறவர்களின் பிள்ளைகள்தான் போக முடியும். குலுக்கல் எல்லோருக்கும் பொது, ஆனால் குலுக்கல் தேதி தெரிந்தவர்களுக்குத்தான் பொது. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இருக்கிறது. நாங்கள் வீடு வாங்கிய வருஷம் பேஸ் ஸ்கூலில் இடம் நிரம்பி, புதிதாக வருகிறவர்களை வேறு பள்ளிக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பயந்து விண்ணப்பித்தோம். பிறகு நிலைமை மாறிவிட்டது, நாங்கள் மாறவில்லை. அவ்வளவுதான். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே மூன்றாவதாக வந்த பதிலைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "வீட்டுல சும்மா இருக்கிறவங்களுக்கு ஸ்கூல் ஸ்கூலா ஏறி இறங்கி ஆராய்ச்சி பண்ண நேரம் இருக்கு." அதற்கு அக்கா போட்ட கைதட்டல்.

சும்மா. ஆறு வருஷம் கோயம்புத்தூரில் டெஸ்டிங் டீம் லீடாக இருந்தவள் நான். வேலைக்கு வருகிறவரின் மனைவிக்குத் தருகிற ஹெச்4 விசாவில் வந்து, வேலை செய்யும் அனுமதி அட்டைக்குக் காத்திருந்து, அட்டை வந்தபோது கைக்குழந்தை, அது முடிவதற்குள் இரண்டாவது. சும்மாதான் இருக்கிறேன். அக்கா ஆபீஸில் மாட்டிக்கொண்ட நாளெல்லாம் அவர் பையனை டேகேரிலிருந்து கூட்டிவந்து ரசஞ்சாதம் ஊட்டியதும் இந்தச் சும்மா இருக்கிறவள்தான்.

குலுக்கல் ஏன் பிடிக்கும் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. எனக்கு நான்கு வயசு. விருதுநகரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. ஃபாரம் வாங்க அப்பா ராத்திரி இரண்டு மணிக்கே போய் வரிசையில் உட்கார்ந்தார். இன்டர்வியூவுக்கு அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள், இங்கிலீஷ் தெரியாது. அந்த மேடம் ஓர் அட்டையைக் காட்டி என்ன கலர் என்று கேட்டார். நான் சத்தமாக "ரோஸ்" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி ரோஸ். மூன்றாவது தடவை அம்மா என் முதுகில் லேசாகக் கிள்ளினாள், பாவம், அவளுக்கும் அது ரோஸ்தான். பிங்க் என்று சொல்லத் தெரியாததால் சீட் இல்லை. சைக்கிள் முன்கம்பியில் என்னை உட்காரவைத்து வந்த அப்பா வழி முழுக்கப் பேசவில்லை. கடையில் நிறுத்தி ஜவ்வு மிட்டாய் வாங்கித் தந்தார். அதுவும் ரோஸ்.

அடுத்த வருஷம் டியூஷன் வைத்து, பிங்க் சொல்லி, அதே பள்ளியில் சேர்ந்தேன். பத்தாவது வரை ரேங்க் கார்டு வருகிற நாள் காலையில் வாந்தி எடுத்திருக்கிறேன். நன்றாகத்தான் படித்தேன். நல்ல பள்ளிதான், ஊரில் இன்றைக்கும் அதுதான் நம்பர் ஒன்.

இங்கே குலுக்கல் என் மகளிடம் எதுவும் கேட்கவில்லை. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது, அவ்வளவுதான். ஒரு மேடமும் அட்டையைக் காட்டவில்லை. நம்மை இன்டர்வியூ செய்ய ஆள் இல்லாத ஊருக்கு வந்தும், அந்த மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு நாமே உட்கார்ந்துகொள்கிறோமே அக்கா. வாட்ஸப்பில் அட்டையைத் தூக்கிக் காட்டி என்ன கிரேடு என்று கேட்கிறோம்.

ஒருவேளை நீங்கள் சொல்வதே சரியாக இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் உங்கள் பையன் என் மகளைவிட அதிக மார்க் எடுக்கலாம், அன்றைக்கும் ஸ்கிரீன்ஷாட் வரும். வரட்டும். ஆகஸ்டில் முதல் வாரம் முழுக்க அழுதாள் அவள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "அழுகை முடிந்ததும் தினமும் தோட்டத்தில் அவரைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறேன், அவளுக்கு அது பிடித்திருக்கிறது" என்றார். முந்தாநாள் அதில் ஒரு காய் வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று. பதினெட்டு பிள்ளைகளுக்கு அதை எப்படிப் பங்கு வைப்பது என்று வீட்டில் இரண்டு நாளாகப் பஞ்சாயத்து.

பெயரைச் சொல்லாமல் எழுதியதற்குப் பெயரைச் சொல்லாமலே பதில் எழுதிவிட்டேன். குரூப்பிலிருந்து நான் விலகவில்லை. கொலுவுக்குச் சுண்டல் கொண்டு வரச் சொல்லிப் போன மாதமே எழுதியிருந்தீர்கள், அதையும் மறக்கவில்லை. கொண்டைக்கடலையா, பட்டாணியா என்று மட்டும் சொல்லுங்கள். இப்போது கிளம்பணும், இரண்டு நாற்பதுக்குள் கார் லைனில் போய் நிற்காவிட்டால் தெருமுனை வரை வால் நீண்டுவிடும்.