எட்டுப் பேரில் ஒருவரைக் கீழே போடச் சொல்கிறார்கள்

ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் வந்துவிட்டது. எட்டுப் பேர் கொண்ட என் குழுவில் யாராவது ஒருவரைக் கடைசித் தரத்தில் போட்டே தீர வேண்டுமாம். எட்டுப் பேரும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாலும் ஒருவர் அடிவாங்க வேண்டும். இதற்குப் பெயர் பெல் கர்வ். ஆயிரக்கணக்கானவர்களின் உயரத்தை அளந்தால், நடுவில் பலரும் இரு ஓரங்களில் சிலருமாக அந்த மணி வடிவம் கிடைக்கும். எட்டுப் பேரை அதற்குள் திணிப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?

எனக்கு ஒரு மாதக் கடைசி இரவு நினைவுக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். சம்பளக் கணக்கு ஓட்டும் பழைய நிரலில் 90 விநாடி காத்திருக்கச் சொல்லும் வரி ஒன்று இருந்தது. ஏன் என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. வீணாக நேரம் போகிறதே என்று நான் அதை நீக்கிவிட்டேன். வேறொரு சர்வரிலிருந்து கோப்பு முழுதாக வந்து சேரட்டும் என்று வைத்த வரி அது. நள்ளிரவில் பாதிக் கோப்போடு கணக்கு ஓடி முடிந்துவிட்டது. பல பேருடைய பெயரே பட்டியலில் இல்லை. கோளாறு எங்கே என்று பிடிபடுவதற்குள் விடிந்துவிட்டது. அந்த வரியின் காரணம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். தங்கை கல்யாணத்துக்காக அவர் திண்டுக்கல் போயிருந்தார், கைபேசி அணைந்திருந்தது.

திரும்பி வந்ததும் கேட்டேன்: "எங்காவது எழுதி வைத்திருக்கலாமே, அண்ணா?"

"எழுதி வைத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு, தம்பி?"

கோபம் தலைக்கேறியது. பிறகுதான் விவரம் தெரிந்தது. முந்தைய வருடம் புதிதாக வந்த இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்த இருவரும் மேல் தரம் வாங்கினார்கள். மேலே இடம் போதவில்லை என்று அவரைக் கீழே இறக்கினார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டார். இன்றுவரை அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் தேறினால் என் ஊதிய உயர்வு போய்விடும் என்றால், யார்தான் கற்றுக்கொடுப்பார்கள்?

மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகள் இப்படித் தரம் பிரித்துப் பார்த்துவிட்டு, 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. மற்றவர்களின் வெற்றிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் பார்க்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, இணையத்தில் போய்வரும் தகவல்களைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பொது மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, சந்தையில் முட்டிமோதும் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் எல்லாம், இத்தகைய பொது மென்பொருள்களைப் பராமரிக்க, லினக்ஸ் அறக்கட்டளை என்ற பொது அமைப்பின் வழியாகச் சேர்ந்து பணம் போட்டன. போட்டி நிறுவனங்களால் முடிகிறது. ஒரே மேசையில் டீ குடிக்கிற எங்களை மட்டும் ஏன் மோதவிட வேண்டும்?

போட்டியே கூடாது என்பதல்ல என் கட்சி. என் குழுவில் இரண்டு இளைஞர்கள், யாருடைய நிரல் வேகமாக ஓடுகிறது என்று வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். தோற்றவர் அன்று மாலையே ஜெயித்தவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இவர்களில் யாரைக் கீழே போடுவது?

கடைசித் தரத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுப் படிவத்தை அனுப்பிவிட்டேன். இந்த வருடம் யார் யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று இரண்டு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.