கொள்முதல் நிலையத்து மெஷினுக்குள் ஒரு பாடம்

மன்னார்குடிப் பக்கம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். மின் இருமுனை (ஒரு முனை நேர்மின், மறுமுனை அதே அளவு எதிர்மின்) பாடம் வந்ததும் யாராவது கேட்டுவிடுவார்கள்: "சார், இது எதுக்கு சார்?" கேட்பவன் வீட்டில் நெல் சாகுபடி. அதுதான் என் ஆற்றாமை.

குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால், கொள்முதல் நிலையத்தில் அவன் அப்பாவின் கண் ஈரப்பத மெஷினில்தான் இருக்கும். 17 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல் (சில வருஷம் தளர்த்துவார்கள், அது வேறு கதை). தானிய ஈரம் பார்க்கும் மெஷின்களில் பல, இந்த இருமுனையை நம்பித்தான் ஓடுகின்றன.

தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின். அதாவது, அதுவே ஒரு குட்டி இருமுனை. சீரான மின்புலத்தில் இரண்டு முனையையும் சம விசை எதிரெதிராக இழுக்கும். அதனால் நகராது, திரும்பும். வாய்க்கால் ஷட்டரை ஒரு கை தள்ள, ஒரு கை இழுக்கச் சுற்றுவோமே, அதேதான். புலத்துக்குக் குறுக்கே நிற்கும்போது திருப்புவிசை அதிகம்; புலத்தோடு ஒட்டி நின்றால் பூஜ்யம். இந்தத் திருப்புவிசையின் சூத்திரத்தை 'பி இ சைன் தீட்டா' என்று 5 மார்க்குக்கு ஒப்பிக்கும் முன் ஒருமுறை ஷட்டரைச் சுற்றிப் பார்க்க வேண்டாமா?

மெஷினுக்குள் இரண்டு தகடு, நடுவே நெல். மாறுதிசைப் புலத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் இப்படியும் அப்படியும் திரும்பப் பார்க்கும். எல்லாம் அணிவகுத்து நின்றுவிடாது. வெப்பம் கலைத்துக்கொண்டே இருக்கும், லேசான சாய்வுதான் மிஞ்சும். அந்தச் சாய்வே தகடுகளின் மின்தேக்குத்திறனை, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறனை, கூட்டிவிடுகிறது. நடுவே வைத்த பொருள் அந்தத் திறனை எத்தனை மடங்காக்கும் என்பதுதான் மின்காப்பு மாறிலி. தண்ணீருக்கு அது சுமார் 80, காய்ந்த தானியத்துக்கு ஒற்றை இலக்கம். அதனால் துளி ஈரமும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் மாவுச்சத்தோடு இறுக ஒட்டிய நீர் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. நெல்லின் சூடும் எண்ணை மாற்றும். அதற்குத்தான் தானியத்துக்குத் தானியம் தனி அளவீடு, வெப்பத்துக்குத் தனித் திருத்தம். "களத்துச் சூட்டோட அள்ளாதே, ஆறட்டும்" என்று எங்கள் அப்பா சொல்வார். அவர் இருமுனை படித்தவர் இல்லை.

சீரற்ற புலத்தில் இரண்டு முனைக்கும் விசை சமமில்லை. திரும்புவதோடு வலுத்த பக்கம் நகரவும் செய்யும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பது இதனால்தான். அங்கே இருமுனையை உண்டாக்குவதும் அந்தச் சீப்பேதான்.

சரி, இந்த வருஷம் ஆளுக்கு ஒரு படி நெல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பாதியை நனைத்து, பாலிதீன் சுற்றிய இரண்டு தகரத்துக்கு நடுவே கொட்டி, மல்டிமீட்டரில் மின்தேக்குத்திறன் அளக்கப் போகிறோம். நனைத்த நெல்லை அப்புறம் யார் காயவைப்பது என்றுதான் இப்போது பிள்ளைகளுக்குள் சண்டை.