கொல்லிமலைப் பாட்டியை விட்டுவிட்டீர்களே

ஆசிரியரே, மிஷனரிகளைப் பற்றிய உங்கள் தொடரில், அவர்களின் சேவையைக் கட்டுரை முழுக்கத் துயரக் கதையாகவே சொல்லியிருக்கிறீர்கள். இழப்பு, நோய், கல்லறை எல்லாம் உண்மைதான். ஆனால் கொல்லிமலையில் மிஷனரியாக உழைத்த பாட்டி ஈவ்லின் பிராண்டை இந்தச் சோகச் சித்திரத்தில் எங்கே வைப்பது?

லண்டனின் வசதியான வீட்டுப் பெண். கணவர் ஜெஸ்ஸி 1929-இல் கொல்லிமலையில் மலேரியா முற்றி வந்த காய்ச்சலில் இறந்தார். எழுபது வயதை ஒட்டி மிஷன் சங்கம் இவருக்கு ஓய்வு கொடுத்தது. இவரோ இங்கிலாந்துக்குத் திரும்பாமல், தன் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலையேறிவிட்டார்! மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுத்தார். எலும்பு முறிந்தும் கீழே இறங்கி வந்து தங்க மனமில்லை. 1974-இல், 95 வயதில்தான் அவருடைய ஊழியம் முடிந்தது. வெறும் கடமையுணர்வு ஒருவரை இத்தனை காலம் மலையில் நிறுத்தி வைக்காது. அங்கே அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்றே நினைக்கிறேன். (தொழுநோயால் மடங்கிய விரல்களை வேலூரில் அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் இவருடைய மகன்.)

நன்றியைப் பற்றியும் ஒன்று. பைபிளில் லூக்கா நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில், இயேசுவால் குணமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். நம் பிரசங்கிகள் மற்ற ஒன்பது பேரைத் திட்டியே நேரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். திரும்பி வந்தவனோ உரத்த சத்தத்தோடு கடவுளைப் புகழ்ந்துகொண்டு வந்தான். ஈவ்லினைப் போன்றவர்கள் அவன் கூட்டம். அடுத்த பகுதியில் அந்தச் சத்தமும் கொஞ்சம் கேட்கட்டும், ஆசிரியரே.