கோடியில் வீடு எடுத்த கதை

பெங்களூருக்கு வந்த புதிதில் கோடிஹள்ளியில் தரைத்தளத்தில் ஒரு வீடு எடுத்தோம். வாடகை குறைவு. ஏன் குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை. முதல் பெருமழைக்கே சமையலறையில் முழங்கால் தண்ணீர், காலி சிலிண்டர் மிதக்கிறது. வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த அம்மா கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்: "பேர்லயே கோடின்னு இருக்கே, அங்க போய் வீடு எடுப்பாங்களாடா?"

எங்கள் பக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் 'கோடி போகுது' என்போம். உபரி நீர் வெளியேறும் இடம் கோடி. கன்னடத்திலும் அதே சொல், அதே பொருள். எனக்கு மட்டும் அது நூறு லட்சமாகக் காதில் விழுந்திருக்கிறது.

இந்த ஊருக்குப் பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மேட்டின்மேல் உட்கார்ந்திருப்பதால் பெய்கிற மழை நாலாபக்கமும் ஓடிவிடும். அதை மறித்து மறித்து ஏரி கட்டினார்கள். ஒரு ஏரியின் கோடி, அடுத்த ஏரிக்கு வரத்து. ஊர்ப்பெயர்களில் பாதி இந்தத் தண்ணீர்க் கணக்குதான். கெரே என்றால் ஏரி. பொம்மசந்திரா, சிங்கசந்திராவில் இருப்பது நிலா இல்லை, சமுத்திரம் தேய்ந்து சந்திரா ஆனது என்பார்கள். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்பது நம்மூரிலும் உண்டே. நம் 'ப' அங்கே 'ஹ' ஆகும் என்று பிடிபட்டால் மீதியும் புரியும்: பள்ளி ஹள்ளி, பலா ஹலசு. நம்மவர்கள் நிறைந்த அல்சூர், அதாவது ஹலசூரு, பலாவால் பெயர் பெற்றது என்றுதான் சொல்கிறார்கள்.

மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு தர்மாம்புதி ஏரிக்குள் நிற்கிறது. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரிக்குள். கரகத் திருவிழாவுக்காக அங்கே ஒரு சின்னக் குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். சரி, சம்பங்கிராம நகர் என்ற பெயராவது மிச்சம்.

புதுப் பெயர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. எச்எஸ்ஆர் லேஅவுட் என்பது ஓசூர் சர்ஜாப்பூர் ரோட்டின் சுருக்கம். அப்புறம் இரண்டாம் ஸ்டேஜ், நான்காம் பிளாக். மேடா பள்ளமா என்று எந்தப் பெயராவது சொல்கிறதா? 2022 செப்டம்பர் வெள்ளத்தில் டிராக்டர் ஏறி ஆபீஸ் போனவர்களைப் பார்த்து ஊரே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அவர்களுக்கு எச்சரிக்கை இல்லை, எனக்குப் பெயரிலேயே இருந்தது.

எங்கள் சமையலறையில் புகுந்த தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினியில் சேரும். ஓசூர்ப் பக்கம் வந்தால் அதற்குப் பெயர் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் 'பெங்களூர்க்காரன் அனுப்பிட்டான்' என்று உறவுக்காரர்கள் போன் போட்டுத் திட்டுகிறார்கள். நானும் உம் கொட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.